தணிகை அடிவாரத்து மாணவரும் ஆங்கிலச் சொல்வளமும்

மொழிகள் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் எல்லைப்புற ஊர்களுள் திருத்தணி குறிப்பிடத்தக்கது. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகப் போற்றப்படும் இவ்வூரின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி ஒலிப்பதை இன்றும் கேட்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கிய திருத்தணி, ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 முதல் அன்றைய சென்னை மாநிலத்தில் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதேயன்றி இல்லங்களின் மொழி மாறவில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கல்லூரி நூலில் ஆங்கிலம் என மும்மொழிகளுக்கிடையே வளரும் மாணவர் இப்பகுதியில் பலராவர். வடார்க்காட்டுப் பகுதியில் உருது பேசும் இல்லங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் நிலையும் இஃதே.

இத்தகைய மாணவர் ஆங்கில நூலின் முன் அமரும்போது எதிர்கொள்ளும் இடர்ப்பாடு யாது, அதனைக் கடக்கும் நெறி யாது என்பனவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ்த்துறை மலரில் ஆங்கிலத்தைப் பற்றி எழுதுவதா என வினவுவோர் இருக்கலாம். பகுதி ஒன்றில் மொழித்தாளும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் பயிலும் நம் மாணவர், முன்னதில் பெற்ற கருவிகளைப் பின்னதற்குப் பயன்படுத்தாமல் வாளா விடுகின்றனர் என்பதே இக்கட்டுரை எழுந்தமைக்குக் காரணம்.

தணிகை தந்த சான்று

1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். இவர் தந்தையார் ஜமீன் வருவாய்ப் பணியில் சிறிய பதவி வகித்தவர். தொடக்கக் கல்வியை இவ்வூரிலும், பின்னர்த் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். ஆங்கிலம் அவருக்கு வீட்டு மொழியும் அன்று, தெரு மொழியும் அன்று. எனினும் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமென நிறுவப்பட்ட ஸ்பால்டிங் பேராசிரியர் பதவியை முதன்முதலாக வகித்தவர் அவரே.

பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அவர் புகழை மேடைதோறும் கேட்கிறோம். நாம் ஈண்டு நோக்கவேண்டியது அவருடைய மாணவப் பருவம். முதுகலைத் தேர்வுக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபது. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்று மேலை அறிஞர் சிலரும் மிஷன் ஆசிரியர் சிலரும் அந்நாளில் கூறிவந்தனர். அக்கூற்றுக்கு விடையாக எழுந்ததே அவ்வாய்வேடு. அதனைப் படித்த பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் அளித்த சான்றிதழில் இரண்டு திறன்கள் பாராட்டப்பட்டன. சிக்கலான வாதத்தை எளிதாகக் கையாளும் ஆற்றல் ஒன்று. சராசரிக்கு மேற்பட்ட ஆங்கிலத் தேர்ச்சி மற்றொன்று. வாதத்திறன் முன்னும் மொழித்தேர்ச்சி பின்னுமாக வைக்கப்பட்டுள்ள அம்முறை கருதத்தக்கது. தம் கொள்கைக்கு மாறானதைக் கூறிய மாணவரைப் பாராட்டிய ஹாக்கின் பெருந்தன்மையும் உடன் கருதத்தக்கதே.

நம் மாணவரோ முதலாவதை மறந்து இரண்டாவதைத் தேடி அலைகின்றனர். முப்பது நாட்களில் ஆங்கிலம் எனப் பேருந்து நிலையத்தில் விற்கப்படும் சிறுநூல்களை வாங்குவோர் எத்தனை பேர்! அந்நூல்கள் கடையில் பொருள் வாங்கவும் முகவரி கேட்கவும் கற்பிக்கலாம். பொருளியல் நூலின் ஒரு பக்கத்தை வாசிக்கக் கற்பிப்பதில்லை. பேசும் ஆங்கிலமும் கற்கும் ஆங்கிலமும் வெவ்வேறு திறன்கள். ஒன்றில் வல்லவர் மற்றொன்றில் தடுமாறுவதைக் கல்லூரியில் நாள்தோறும் காண்கிறோம்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கில அகராதியின் பருமனைக் கண்டு மலைக்கும் மாணவருக்கு ஒரு நற்செய்தி உண்டு. அதன் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகிறது. இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளச் சிறுவர் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் பயின்றும் ஒரு நூலைத் தாமே வாசிக்க இயலாதிருப்பதைக் கண்டார். பாடநூல்களில் அருகிய சொற்கள் மிகுதியாகவும், புதிய சொற்கள் நெருக்கமாகவும் வந்தமையே காரணம் என்று அறிந்து, பயின்றுவரும் சொற்களால் நூல்களைத் திருத்தி எழுதினார். 1926இல் வெளிவந்த அவரது இருமொழியம் பற்றிய நூல் இம்முயற்சியின் விளைவே. 1935இல் என்டிகாட் என்பாருடன் சேர்ந்து அவர் தொகுத்த அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களைக் கொண்டே பொருள் கூறியது. 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்தளித்தது.

கல்லூரி நூல்களுக்கு இது போதுமா? இவ்வினாவிற்கு விடை கண்டவர் நியூசிலாந்தைச் சேர்ந்த அவரில் காக்ஸ்ஹெட். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களிலிருந்தும் கட்டுரைகளிலிருந்தும் ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட தொகுதியை ஆராய்ந்து, எல்லாத் துறைகளுக்கும் பொதுவான 570 சொற்குடும்பங்களை 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'ஃபங்ஷன்', 'தியரி', 'எவிடன்ஸ்' போன்றவை அவற்றுள் அடங்கும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். ஒரு பக்கத்தில் 300 சொற்கள் உள்ளன எனக் கொள்வோம். காக்ஸ்ஹெட்டின் ஆய்வுப்படி, கல்வி நூல்களில் நூற்றுக்கு 76 விழுக்காடு வெஸ்டின் பட்டியலில் உள்ளவை. அஃதாவது 228 சொற்கள். மேலும் 10 விழுக்காடு, அஃதாவது 30 சொற்கள், இந்த 570 குடும்பங்களைச் சேர்ந்தவை. எஞ்சிய 42 சொற்களுள் துறைக் கலைச்சொற்களும் ஊர்ப்பெயர், ஆட்பெயர்களும் அருகிய சொற்களும் அடங்கும்.

கலைச்சொற்களை வகுப்பில் ஆசிரியர் விளக்குகிறார். 'ஆஸ்மாசிஸ்' என்றால் என்ன என்று கற்பிக்காத உயிரியல் ஆசிரியர் இல்லை. ஆனால் 'சிக்னிஃபிகன்ட்', 'அசம்ப்ஷன்', 'ஹென்ஸ்' போன்ற அந்த 30 சொற்களைக் கற்பிப்பார் யார்? அவை ஆங்கில ஆசிரியர் பொறுப்பு எனத் துறை ஆசிரியர் கருதுகிறார். ஆங்கில ஆசிரியரோ செய்யுளும் சிறுகதையும் நடத்துகிறார். இருவருக்கும் இடையே வீழ்ந்து கிடக்கும் இச்சொற்களே மாணவரை இடறச் செய்வன. தேர்வில் தோற்ற மாணவர் தமக்குப் பாடம் விளங்கவில்லை என்று எண்ணி வருந்துகின்றனர். பாடம் விளங்காமல் போனதற்குப் பாடத்தைச் சேராத சில சொற்களே காரணம் என அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. தமிழ்வழியில் பயின்று வந்த எத்தனை மாணவர் இக்காரணத்தால் தம்மை அறிவில் குறைந்தவராகக் கருதிக்கொள்கின்றனர்!

மலைக்கோயிலுக்குச் செல்லும் 365 படிகளைக் காட்டி, நாளுக்கொரு சொல் கற்பீர் என உவமை கூறுவது மேடைப்பேச்சுக்கு இனிக்கும். கணக்கிற்கு உதவாது. 2,570 சொற்களை நாளுக்கொன்றாகக் கற்க ஏழாண்டுகள் ஆகும். பட்டப்படிப்போ மூன்றாண்டு. நாளொன்றுக்கு ஐந்து எனக் கொண்டால் 514 நாட்களில் முடியும். பள்ளியிலேயே அறிந்த சொற்களைக் கழித்தால் ஓராண்டும் வேண்டாம்.

எதைப் படிப்பது?

'நாள்தோறும் இந்து நாளிதழின் தலையங்கத்தைப் படி' என்பது மூன்று தலைமுறையாக வழங்கிவரும் அறிவுரை. அறிவுரை கூறியோர் நல்லெண்ணத்துடனேயே கூறினர். எனினும் தொடக்கநிலை மாணவருக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. ஒரு பனுவலில் நூற்றுக்கு 95 சொற்களேனும் தெரிந்திருந்தால்தான் ஓரளவு பொருள் கொள்ள இயலும் என்றும், பிறர் துணையின்றி இனிது வாசிக்க 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர். 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் முன்னதற்கு 15, பின்னதற்கு 6 சொற்களே அறியாதனவாக இருக்கலாம். தலையங்கத்தில் 60 சொற்களை அடிக்கோடிட்டு அகராதி புரட்டும் மாணவர், அறுபதாவது சொல்லுக்குப் பொருள் காணும்போது முதல் சொல்லை மறந்திருப்பார். மறுநாள் நாளிதழையே மறந்துவிடுவார்.

ஆகவே பக்கத்திற்கு ஆறேழு சொற்களுக்கு மேல் இடறாத நூலே வாசிப்பிற்கு உரியது. சுருக்கித் தரப்பட்ட எளிய பதிப்புகளை வாசிப்பதில் இழிவில்லை. கல்லூரி மாணவர் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலின் ஆங்கிலப் பதிப்பை வாசிப்பது மிகச் சிறந்த பயிற்சி. பொருள் முன்பே தெரிந்தது ஆதலின் சொல் மட்டுமே புதிதாக நிற்கும். அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்றுவரும் தணிகை மாணவருக்கு இத்தகைய வாசிப்பிற்குக் கிடைக்கும் நேரம் நகரத்து மாணவருக்குக் கிடைக்காத பேறு. இருக்கை கிடைக்குமாயின் என்று சேர்த்துக்கொள்க.

தமிழிலக்கணம் தரும் கருவிகள்

சொற்பொருளைத் தொகுத்து மனத்தில் இருத்தும் கலை நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளி மாணவர் மனப்பாடம் செய்தனர். நிகண்டு சொற்களை அகரவரிசையில் வைக்காமல் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள் வகையால் தொகுத்தது. பொருளால் இணைந்த சொற்கள் ஒன்றையொன்று நினைவூட்டும் என்னும் உண்மையை அம்முறை உணர்த்துகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு பொருட் பன்மொழியை ஒரே நாளில் கற்றால் குழப்பமே மிகும். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டையும் ஒருங்கே கற்ற மாணவர் இரண்டையும் மாற்றி எழுதுவதைக் காண்கிறோம். ஒன்று நன்கு நிலைபெற்ற பின்னரே மற்றொன்றைத் தொடுதல் நன்று.

நன்னூலார் கூறும் பகுபத உறுப்பிலக்கணம் ஆங்கிலத்திற்கும் அரியதொரு திறவுகோல். 'அன்பிரெடிக்டபிள்' என்னும் சொல்லைக் கண்டு அஞ்சும் மாணவர் அதனைப் பிரித்து நோக்கட்டும். 'டிக்ட்' என்பது சொல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் பகுதி. 'பிரெ' என்பது முன் என்னும் பொருளது. ஆகவே 'பிரெடிக்ட்' முன்கூட்டிச் சொல்லுதல். 'ஏபிள்' இயலுமையையும் 'அன்' எதிர்மறையையும் உணர்த்தும் ஒட்டுகள். 'கான்ட்ரடிக்ட்' எதிர்த்துச் சொல்லுதல், 'டிக்டேட்' பிறர் எழுதச் சொல்லுதல், 'வெர்டிக்ட்' தீர்ப்பாகிய உண்மைச்சொல், 'டிக்ஷனரி' சொற்களின் தொகுதி. ஒரு பகுதியை அறிந்தால் ஐந்து சொற்கள் கிடைக்கின்றன. தமிழில் எதிர்மறை சொல்லின் இடையிலோ இறுதியிலோ அமைய, ஆங்கிலத்தில் பெரும்பாலும் முன்னொட்டாக வருதலையும் ஒப்பிட்டு அறியலாம். எல்லாச் சொற்களும் இவ்வாறு பிரியா. பகாப்பதங்களும் உண்டு என்று நன்னூல் பயின்றோருக்குச் சொல்லவேண்டுவதில்லை.

மரபு என்பதொன்று உண்டு. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைத் தொகுத்து, எவ்வெவ்வுயிருக்கு எப்பெயர் உரியது என வரையறுத்தார். சோறு உண்ணுகிறோம், முறுக்குத் தின்கிறோம், பால் பருகுகிறோம். ஏன் என்று கேட்டால் மரபு என்பதே விடை. ஆங்கிலத்திலும் இவ்வாறே. அங்கே தேநீர் 'ஸ்ட்ராங்', மழை 'ஹெவி'. தவற்றை 'மேக்' செய்வர், வீட்டுப்பாடத்தை 'டூ' செய்வர். நம்மவர் அடிக்கடி செய்யும் பிழையொன்று 'டிஸ்கஸ் அபவுட்' என எழுதுதல். தமிழில் ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம் ஆதலின் 'பற்றி'க்கு ஈடாக 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' செயப்படுபொருளை நேரே கொள்ளும் வினை. ஆகவே சொல்லைத் தனியே எழுதிவைப்பதால் பயனில்லை. அதனுடன் வரும் சொல்லையும் சேர்த்து, ஒரு தொடராகவே குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்.

குறிப்பேட்டைப் பற்றியும் சில சொல்லவேண்டும். சொல், தமிழ்ப்பொருள், அது வந்த ஆங்கிலத் தொடர் ஆகிய மூன்றும் இடம்பெறுதல் போதும். தமிழ்ப்பொருள் எழுதுதல் கூடாது, ஆங்கிலத்தையே ஆங்கிலத்தால் அறியவேண்டும் என்று சிலர் வற்புறுத்துவர். முதற்கட்டத்தில் தாய்மொழிப் பொருளே விரைந்தும் தெளிந்தும் நிற்கிறது. வீட்டுமொழி தெலுங்கோ உருதோ ஆயின் அதில் எழுதினும் தடையில்லை. அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் துணைநிற்கும். சொல்லின் ஆட்சியை அறிய ஹார்ன்பியின் வழிவந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியை நாடலாம். ஜப்பானிய மாணவர் படும் இடரைக் கண்டு அங்கே 1942இல் முதன்முதல் வெளியிடப்பட்ட அகராதி அது. ஆதலால் பிறமொழியாளர் எங்கே இடறுவர் என்பதை அறிந்து எழுதப்பட்டது.

கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வசதியை நம்பி முழுப்பத்தியையும் தமிழாக்கிப் படிப்போர் இன்று மிகுந்துள்ளனர். அவசரத்திற்கு அது உதவும். சொல் மட்டும் மனத்தில் தங்குவதில்லை.

எபிங்ஹாஸ் என்னும் செருமானிய உளவியலார், கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக்கி ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். ஒரே அமர்வில் பன்முறை உருவிடுவதினும் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுகூர்தல் சிறந்தது என்பது அவர் ஆய்வின் பயன்களுள் ஒன்று. இன்று கற்ற சொல்லை நாளையும், ஒரு வாரத்திலும், ஒரு திங்களிலும் பொருளை மறைத்துவைத்து நினைவுகூர்ந்து பார்த்தல் வேண்டும். பார்த்துப் படித்தல் வேறு, மறைத்து நினைத்தல் வேறு. பின்னதே பயிற்சி.

சொல்லிலிருந்து வாதத்திற்கு

இனி, ஹாக் முதலில் பாராட்டிய திறனுக்கு வருவோம். பல்கலைக்கழக வினாத்தாளில் வினாவைக் காட்டிலும் வினாவின் வினைச்சொல்லே முதன்மையானது. 'டிஃபைன்' என்றால் இலக்கணம் கூறி நிறுத்துதல் வேண்டும். 'கம்பேர்' என்றால் இரண்டையும் தனித்தனியே வருணித்துவிட்டு ஒதுங்குதல் போதாது, ஒப்புமையும் வேற்றுமையும் அடுத்தடுத்து வரவேண்டும். 'கிரிட்டிகலி எக்ஸாமின்' என்றால் ஒரு கொள்கையின் வலிமையையும் நலிவையும் எடைபோட்டு முடிவு கூறவேண்டும். எவ்வினாவிற்கும் தாம் அறிந்த அனைத்தையும் எழுதும் மாணவர் மதிப்பெண் குறைவதன் காரணம் அறியாது திகைக்கின்றனர்.

உரை எழுதும் நெறியை நன்னூலார் வகுத்தபோது, கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை ஆகியன கொண்டது காண்டிகையுரை என்றார். ஆங்கிலக் கட்டுரையின் ஒரு பத்தியை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாக்கியம் கருத்து. அடுத்து அருஞ்சொல் விளக்கம். பின்னர் எடுத்துக்காட்டு. அதன்மேல் எழக்கூடிய ஐயமும் அதற்கு விடையும். மேலை நாட்டுக் கல்விநிலையங்கள் தம் மாணவருக்குப் பயிற்றும் பத்தியமைப்பு ஏறக்குறைய இதுவே. பிறர் கூற்றைத் தம் சொல்லால் எழுதுதல் பொழிப்புரை எழுதிப் பழகியோர்க்கு அரிதன்று. முன்னோர் கருத்தை 'என்ப' எனச் சுட்டித் தம் கருத்தினின்று பிரித்துக் காட்டிய இலக்கணிகளின் நேர்மையே ஆய்வேட்டில் சான்று காட்டும் நெறி.

நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு உரைத்துப் பின்னர் அதனைக் களைதலும் ஒன்று. எதிராளியின் கூற்றைத் திரித்தும் குறைத்தும் கூறி வெல்வது எளிது, அது வாதமாகாது. அவரே ஒப்புமாறு அவர் கருத்தை எடுத்துரைத்த பின்னர் மறுத்தல் வேண்டும். 1908இல் தணிகை இளைஞர் தம் ஆய்வேட்டில் மேற்கொண்ட பணியும், எதிர்க்கருத்தினரான ஆசிரியரே பாராட்டிய திறனும் இவ்வகையினவே.

இந்திய விடுதலைக்குப் பின்னர் அவரே தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக்குழு 1949இல் அறிக்கை அளித்தது. உயர்கல்வியில் பயிற்றுமொழியாக ஆங்கிலத்தின் இடத்தை இந்திய மொழி பெறவேண்டும் என்று கூறிய அக்குழு, ஆங்கில நூல்களை வாசிக்கும் ஆற்றலை மாணவர் இழத்தல் ஆகாது என்றும் கூறியது. பயிற்றுமொழி பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. எவ்வழியில் பயின்றாலும் நூலகத்தின் ஆங்கில அடுக்கு மாணவர்முன் நிற்கிறது. அவ்வடுக்கிலிருந்து தம் பாடத்தைச் சார்ந்த மெல்லிய நூலொன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் தாம் அறியாத சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே தொடக்கம். பதினைந்துக்குள் இருப்பின் அந்நூலை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். மிகுமாயின் அதனை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க.